இரண்டாம் முழுக்கு

(நுமிதியா, வட ஆப்பிரிக்கா. கி.பி. 404 – 405)

தசக்கூரா மலை
நவம்பர், ஒலிவம் பறிக்கத் தொடங்கிய வாரம்

துறைமுகப் பட்டணத்துக் கோயிலில் வேதம் வாசிக்கும் அண்ணன் மிக்கினுக்குத் தங்கை தத்திவா எழுதுவது. தேவனுக்கு நன்றி. உன் தொண்டைக்கட்டு விட்டதா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நோவெல்லா போய்விட்டாள், அண்ணா. காய்ச்சல்தான். வந்தது தெரிவதற்குள் முடிந்துவிட்டது.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். புதைக்கத் தூக்கிக்கொண்டு போனோம். என் மாமனார் படுத்திருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குத்தான். உனக்குத் தெரியும், உள்ளே இவர்களுடைய தொனாத்துஸ் கட்சிக்காக உயிர்விட்ட வேதசாட்சி ஒருவரின் சமாதி இருக்கிறது. ஊரே அவர் காலடியில்தான் படுத்திருக்கிறது. வாசலில் இவர்கள் குரு வழிமறித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள கொண்டு வராதீங்க. திருமுழுக்கு வாங்காத பிள்ளை.”

“வாங்கியிருக்கு சாமி. கோடையில கடற்கரையிலதான் பிறந்தா. மூச்சுத் திணறிக் கிடந்தா, எங்க ஆயரே வந்து கொடுத்தார்.”

“அதுக்குப் பேர் முழுக்கு இல்லம்மா, குளியல். உங்க ஆயரை ஆயராக்கத் தலையில கை வச்சது யாரு? அவர் தலையில கை வச்சது யாரு? அப்படியே எண்ணிட்டுப் போனா ஒருத்தன் வருவான். அரசன் ஆளுங்க வேதப் புத்தகத்தை எரிக்கக் கேட்டப்போ, உயிருக்குப் பயந்து தூக்கிக் கொடுத்தவன். அந்தக் கை தொட்ட கைதான் உங்க எல்லார் கையும். அழுக்குத் தண்ணியில குளிச்சா அழுக்குப் போகுமா?”

அவர் சொல்கிற அந்த எரிப்பு நடந்து நூறு வருஷம் ஆகிறது. என் மகள் பிறந்து நாலு மாதம்.

என் வீட்டுக்காரர் ரொகாத்து என்ன செய்வார்? அவர் பிறந்த கட்சி அது, வாசலில் நின்றவர் அவர் அப்பாவின் குரு. “சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்” என்று முணுமுணுத்துவிட்டு, சுவருக்கு வெளியே, முள் மண்டிய இடத்தில், தானே குழி தோண்டினார். இரண்டு நாளாக அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் அடுப்புக்காரனும் என் மாவை வாங்குவதில்லை. “தொனாத்துஸ் கட்சி அடுப்புல காட்டிக்கொடுத்தவன் வீட்டு மாவு வேகாது” என்று தள்ளி வைத்துவிட்டான். சட்டியில் தட்டிச் சுட்டுத் தின்கிறேன்.

நீ வரவேண்டும். உன் ஆயரிடமிருந்து இவர்கள் ஆயருக்கு ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வா. நோவெல்லா சுவருக்கு உள்ளே போகவேண்டும். கடைசி நாளில் செத்தவர்களை எழுப்ப எக்காளம் ஊதும்போது மற்றவர்கள் எல்லாம் தங்கள் தாத்தா, பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார்கள். இவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
தத்திவா


துறைமுகப் பட்டணம்
டிசம்பர்

பாசமுள்ள தங்கைக்கு அண்ணன் மிக்கின். தேவனுக்கு நன்றி. அம்மா நலம், முழங்கால் நலமில்லை. என் தொண்டை பரவாயில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊர் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பவன் என்று பேர், நாலு வரிக்கு மேல் குரல் வரவில்லை. அவளைக் கையில் ஏந்தி நின்றது நான்தானே. ஈரத் துணியில் எடை தெரியாமல் இருந்தாள்.

தத்திவா, இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள். அவள் வாங்கியது முழுக்குத்தான். பிதா, மகன், ஆவி என்ற பெயரால் தண்ணீர் விழுந்தால் விழுந்ததுதான். கொடுத்தவன் கை சுத்தமா என்று பார்க்க ஆரம்பித்தால் உலகத்தில் ஒருவனுக்கும் முழுக்கு மிஞ்சாது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற கழுதைக்காரன் குடிகாரன். அதனால் நான் எழுதிய எழுத்து மாறிவிடுமா? மலைக்காரர்கள் கழுதைக்காரனின் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் வேதாந்தம்.

ஆகவே அவள் எங்கே படுத்திருந்தாலும் தேவனுடைய மடியில் இருக்கிறாள். அவருக்குச் சுவர் கிடையாது. நீ அவர்கள் ஆயரிடம் போய்க் கெஞ்சாதே. கெஞ்சினால் மறுபடி முழுக்கு வாங்கச் சொல்வார். ஒரே தண்ணீரில் இரண்டாம் முறை இறங்குவதைப்போலப் பாவம் வேறில்லை. முதல் முழுக்கின் மேல் துப்புகிற காரியம் அது.

இப்போது வர முடியவில்லை. இங்கே ஆயர் என் தலையில் சில வேலைகளைக் கட்டியிருக்கிறார், வசந்தத்துப் பாஸ்காத் திருநாள் வரை நகர முடியாது. காய்ந்த மீனும் உப்பும் அனுப்பியிருக்கிறேன். நீ நன்றாகச் சாப்பிடவேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.
மிக்கின்


தசக்கூரா
ஜனவரி, செக்குக்கல் ஓயாமல் சுற்றுகிற நாட்கள்

அண்ணனுக்கு. தேவனுக்கு நன்றி. உன் கழுதைக்காரன் எழுத்தை மாற்றவில்லை, மீனில் பாதியைத் தின்றுவிட்டான். மிச்சத்தையும் என்னால் தின்ன முடியவில்லை.

நீ எழுதியது அழகாக இருந்தது. எனக்குப் புரிந்தும் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை, அதுதான் குறை. தேவனுக்குச் சுவர் இல்லாமல் இருக்கலாம். நரிக்கும் இல்லை. போன வாரம் முள்வேலிக்குள் மண் பறித்திருந்தது. ரொகாத்து கல் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்.

கல்லைப் பார்த்த அன்று என் மாமியாரும் அழுதார். அந்த அம்மாவைக் கெட்டவள் என்று நினைக்காதே. மாவை ஒளித்துக்கொண்டு போய்த் தன் மாவோடு சேர்த்து எனக்குச் சுட்டுக்கொண்டு வந்தவர், அடுப்புக்காரன் கண்டுபிடிக்கும் வரை. அவர்தான் என்னை இவர்கள் ஆயரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

ஆயர் கிழவர், மெதுவாகத்தான் பேசினார். “அம்மா உள்ள வந்தா பிள்ளைக்கும் இடம் உண்டு. பாஸ்கா அன்னிக்கு நீ முழுக்கு வாங்கிக்க. மறுநாளே தூக்கிட்டு வந்து சுவரோரமா வச்சிடலாம்.”

“அப்ப என் பிள்ளை வாங்கினது?”

“அது ஒண்ணுமில்லம்மா. அறியாத பிள்ளை. தேவன் இரக்கம் எப்படியோ, நமக்கென்ன தெரியும்.”

வரும் வழியில் மாமியார் சொன்னார்: “ஏம்மா, தண்ணியில ஒரு தடவை முங்கி எழுந்திருக்கிறதுக்கு இவ்வளவு யோசனையா? நான் எத்தனை தடவை வேணாலும் முங்குவேன், பேத்தி பத்திரமா படுக்கணும்.”

அவருக்குச் சுலபம். எனக்கு இது உரலுக்குள் தலையைக் கொடுத்த கதை. நான் முங்கினால் நோவெல்லாவின் எலும்புக்கு இடம் கிடைக்கும். ஆனால் நான் முங்குவதே அவள் வாங்கியது ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்வதுதான். எலும்பை உள்ளே வைத்துவிட்டு அவளை வெளியே தள்ளுவேனா? முங்காவிட்டால், உன் சொற்படி அவள் தேவனிடத்தில், நரி அவள் தலைமாட்டில்.

வேதாந்தம் எழுதாதே அண்ணா. வா.
தத்திவா


துறைமுகப் பட்டணம்
பிப்ரவரி

தங்கைக்கு. தேவனுக்கு நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள். மூச்சு வாங்க ஓடிவந்து எழுதுவதுபோல் எழுதுகிறேன், கழுதைக்காரன் வாசலில் நிற்கிறான்.

வேண்டாம். வேண்டாம். வேண்டாம். அந்தக் கிழவர் தேனில் தோய்த்துப் பேசுவார். முங்கிவிட்டால் திரும்பிவர வழி இல்லை என்பதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்தே அவர்கள் கட்சியில் இருப்பவன் நம்மிடம் வந்தால் தலையில் கை வைத்து அன்றே உள்ளே அழைத்துக்கொள்வோம். ஆனால் நம் முழுக்கை வாங்கிவிட்டு அவர்கள் முழுக்கையும் வாங்கியவள் வந்தால், வாசல் நடையில் வருஷக்கணக்கில் தவம் நிற்கவேண்டும். சிலரைச் சாகிற நேரத்தில்தான் உள்ளே விடுகிறார்கள்.

மண்ணைக் கெட்டியாக மூடச் சொல். பெரிய கல்லாக வைக்கச் சொல். பாஸ்காவுக்குப் பிறகு நான் வந்து அவளை இங்கே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், அப்பா பக்கத்தில் வைப்போம். அதுவரை பொறு.

அம்மா முத்தம் அனுப்புகிறாள்.
மிக்கின்

மறந்துவிட்டேன். பாஸ்காவில் என்னைத் திருத்தொண்டராக நியமிக்கப்போகிறார்கள். குடும்பத்தில் எல்லோரும் நம் சபையில் உறுதியாக நிற்கிறார்களா என்று ஆயர் கேட்டார். நிற்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.


தசக்கூரா
மார்ச்

மச்சான் மிக்கினுக்கு ரொகாத்து. சுகம். உன் சுகம் கேட்கிறேன். எனக்கு எழுத வராது, பிழையைப் பொறுத்துக்கொள்.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு அவள் வீட்டில் தங்குவதில்லை. மழையில் போய்க் கல்லின் மேல் உட்கார்ந்துகொள்கிறாள். நான் தூக்கிக்கொண்டு வருகிறேன், விடிந்தால் மறுபடி போகிறாள். கல்லையும் மீறி நரி ஒரு பக்கம் பறித்துவிட்டது. துணி வெளியே வந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

அவள் வயிற்றில் ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொன்னாளா தெரியவில்லை.

நான் அவளை எதற்கும் வற்புறுத்தவில்லை. கல்யாணத்தில் கொடுத்த வாக்கு அது, நீயும் கேட்டாய். பெரியவர்கள் நூறு வருஷம் முன்னால் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் செக்கும் எண்ணெயும்.

படித்தவன் நீ. கையால் எழுதாதே, காலால் நடந்து வா. பாஸ்காவுக்கு முன்னால் வா.
ரொகாத்து


தசக்கூரா
மே, வாற்கோதுமை அறுப்பு

அன்புள்ள அண்ணனுக்கு. தேவனுக்குத் துதி. நான் நலம். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு என் வணக்கம்.

இந்த வருஷம் வாற்கோதுமை நன்றாக வந்திருக்கிறது. மழை விட்டு நாளாகிவிட்டது. நோவெல்லாவைப் பற்றிக் கவலைப்படாதே, அவளைச் சுவருக்கு உள்ளே வைத்துவிட்டோம். அத்தை அவள் மேல் பால் ஊற்றினார். நீ எடுக்க வரவேண்டியதில்லை.

எங்கள் வீட்டு ரொட்டி இப்போது ஊர் அடுப்பிலேயே நன்றாக வேகிறது.

நீ திருத்தொண்டர் ஆகிவிட்டாயா? வெள்ளை அங்கி உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். சின்ன வயதிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு எங்களுக்குப் பிரசங்கம் செய்வாய்.
தத்திவா


துறைமுகப் பட்டணம்
ஜூலை

தங்கைக்கு. தேவனுக்கு நன்றி. நன்றி, நன்றி என்று பத்து முறை எழுதத் தோன்றுகிறது.

உன் கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ‘துதி’ என்று வாழ்த்துகிறவன் எந்தக் கட்சி என்று இந்த நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை அம்மாவுக்கு வாசித்தேன். அதற்குப் பிறகு இத்தனை நாள் உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. கோபம் என்று சொல்லிக்கொண்டேன். பயம்தான்.

ஆம், பாஸ்காவில் என்னை நியமித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் கடிதம் அதற்கு முன்பே வந்தது. வந்தது, தத்திவா. நான் புறப்படவில்லை. அந்த வாரம் போயிருந்தால் நியமனம் தவறியிருக்கும்.

இப்போது காலம் மாறிவிட்டது. பேரரசரின் ஆணை கார்த்தேஜுக்கு வந்துவிட்டது. தொனாத்துஸ் கட்சி என்று ஒன்று இனி இல்லை. அவர்கள் கோயில்களை எங்களிடம் ஒப்படைக்கவேண்டும். இரண்டாம் முழுக்குக் கொடுத்தவன், அதற்கு ஆளைக் கட்டாயப்படுத்தியவன், இவர்கள் சொத்து பறிபோகும். தசக்கூராக் கோயிலை ஏற்க ஆயர் என்னைத்தான் அனுப்பப்போகிறார்.

யோசித்துப் பார். நான் வரும் நாளில் உன் மாமியார் தலையில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போவேன். அடுப்புக்காரனையும்கூட. நீ வாசல் நடையில் நிற்பாய். என் தங்கை. ஊர் பார்க்க.

ஒரே ஒரு வழி இருக்கிறது. இழுத்துப் போய் முக்கினார்கள் என்று நீ சொன்னால் அது உன் பாவம் ஆகாது. தவம் வேண்டாம், நேரே உள்ளே வரலாம். ஒரு வார்த்தை போதும். உடனே பதில் எழுது. இதை விசாரிக்கும் நீதிபதி அடுத்த மாதக் கடைசியில் வருகிறார்.
மிக்கின்


தசக்கூரா
ஆகஸ்ட்

அண்ணா, நலமா? நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம். வயிறு பெரிதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. என்னை யாரும் இழுக்கவில்லை. என் காலால் நடந்து போனேன். ரொகாத்து கோயில் வாசல்வரைகூட வரவில்லை. செக்கடியில் உட்கார்ந்துகொண்டு, “நீ வேணாம்னா நாம ரெண்டு பேரும் இப்பவே கிளம்பிடலாம், கடற்கரைக்கே போயிடலாம்” என்றார். செக்கை விட்டுவிட்டு எங்கே போய் என்ன தின்பது? அவர் மனசு எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொன்னார். அவ்வளவு போதும் எனக்கு.

உனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை. தண்ணீரில் இறங்கி நிற்கிறேன். ஆயர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“இதுக்கு முன்னால முழுக்கு வாங்கியிருக்கியா?”

“இல்ல.”

“உன் பிள்ளை?”

அதைக் கேட்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலே அத்தை துணியை வைத்துக்கொண்டு நிற்கிறார். நரி பறித்த பக்கம் எனக்குக் கண்ணுக்குள் தெரிகிறது.

“இல்ல” என்றேன்.

என்னைப் பற்றிச் சொன்ன ‘இல்லை’ எனக்கு வலிக்கவில்லை. இரண்டாவதைச் சொன்னபோது, அந்த நீலம் பாய்ந்த முகமும், நீ ஏந்தி நின்றதும், ஆயர் தண்ணீர் ஊற்றியதும், எல்லாம் என் வாயாலேயே கரைந்து போயிற்று. நவம்பரில் அவள் செத்ததைவிட அன்று நன்றாகச் செத்தாள். மறுநாள் சொன்னபடி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். வேதசாட்சிக்குத் தூரமாக, மூலையில்.

இதற்கு நான்தான் பொறுப்பு. எத்தனை வருஷமானாலும் நடையில் நிற்கிறேன். வெட்கமில்லை எனக்கு. உனக்கு வெட்கமாக இருந்தால் என்னைப் பார்க்காமல் உள்ளே போ.

ரொகாத்துவின் மேல் ஒரு சொல் விழக்கூடாது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.
தத்திவா


துறைமுகப் பட்டணம்
செப்டம்பர்

தங்கைக்கு. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மா தினமும் கேட்கிறாள்.

உன் கடிதம் நேற்று வந்தது. நீதிபதி போன வாரம் வந்துவிட்டுப் போய்விட்டார்.

நான் பொறுத்துப் பார்த்தேன். நீ எழுதாமல் இருப்பதே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆயர் பக்கத்தில் நின்றார். “உம்ம தங்கச்சி விஷயம் என்னய்யா?” என்று நீதிபதி கேட்டார். “கையைக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க” என்று சொன்னேன். “புருஷன்?” என்றார். “அவனும் கூட இருந்தான்” என்றேன். கேள்வி வந்த வேகத்தில் பதிலும் வந்துவிட்டது. வாசித்து வாசித்துப் பழகிய வாய், தடுக்காமல் சொல்கிறது.

உனக்காகத்தான் செய்தேன். இதை எழுதிவிட்டுப் பார்த்தால் பாதி உண்மையாக இருக்கிறது. மிச்சப் பாதி என் தோளில் கிடக்கும் இந்த வெள்ளை அங்கி.

ஆனால் நல்லதையும் பார். உன் மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிட்டது. நோவெல்லாவின் முழுக்கையும் நம் சபை முழுக்கென்றே வைத்திருக்கிறது, நானே பாட்டுப் பாடி அவளை வேதசாட்சியின் சமாதிக் காலடிக்குக் கொண்டுபோய் வைப்பேன். மாப்பிள்ளையைக் கொஞ்ச நாள் எங்காவது போய் இருக்கச் சொல். அக்டோபரில் வருகிறேன்.
மிக்கின்


தசக்கூரா
நவம்பர்

அண்ணன் மிக்கினுக்குத் தத்திவா எழுதுவது. நீ நலமாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் முழங்காலுக்குச் சூடான எண்ணெய் தடவு. அம்மாவுக்குக் கடைசியாக நான் அனுப்பிய ஜாடியில் மிச்சம் இருந்தால் அதைத் தடவு, இனி இங்கிருந்து எண்ணெய் வராது. செக்கின் கதவில் அரசு முத்திரை வைத்திருக்கிறார்கள். ரொகாத்து காட்டில் ஒளிந்திருக்கிறார்.

நீ வந்த அன்று நாம் பேசியது கொஞ்சம்தான். சிப்பாய்கள் நடுவில் என்ன பேசுவது? நீ சொன்னபடியே செய்தாய். நோவெல்லாவைத் தூக்கிக்கொண்டு பாடினாய், குரல் நன்றாக இருந்தது. அவளைக் காலடியில் வைத்தாய். அதற்கு உனக்கு நான் கடன்பட்டவள், அதை மறுக்க மாட்டேன். அத்தையின் தலையில் கை வைத்தாய். அவர் அன்றே பலிபீடத்து ரொட்டியும் திராட்சை இரசமும் வாங்கினார். வாங்கும்போது மகன் இருக்கும் காட்டுப் பக்கம் பார்த்தார், நீ கவனித்திருக்க மாட்டாய்.

பிறகு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாய்.

“உள்ள வா தத்திவா. உன் மேல தப்பில்லன்னு தீர்ப்பாயிடுச்சு.”

“உள்ள வந்தா அவர் என்னை இழுத்துட்டுப் போனது நிஜம்னு ஆயிடும். வெளியே நின்னா நீ சொன்னது பொய்னு ஆயிடும். உனக்கு எது வேணும், சொல்லு.”

“வாசிக்க நேரமாச்சு” என்றாய். போய்விட்டாய். நீ என்ன வாசித்தாய் என்று எனக்குக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அப்படியே நிற்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும். நீ வைத்துவிட்டுப் போன குரு, தீர்ப்பு இருக்கும்போது ஏன் நிற்கிறாய் என்கிறார். ஊரார் நான் வாயைத் திறந்து புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். இந்த ஊரில் ஒருவனை அதைவிட மோசமாகத் திட்டச் சொல் கிடையாது. அத்தை மட்டும் நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று வெளியே சொல்லவும் அவரால் முடியவில்லை, சொன்னால் உன் சாட்சி பொய்யாகி, என்னை நடையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். நான் ஏற்கெனவே நடையில்தான் நிற்கிறேன் அத்தை என்றேன். “தெரியும்மா, தெரியும்மா” என்று அழுகிறார்.

பிள்ளை பிறந்தாயிற்றா, முழுக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டு அனுப்பியிருந்தாய். பிறந்தான். ஆண்பிள்ளை. நோவெல்லா மாதிரியே நீலமாக வந்தான். அத்தை கையைப் பிசைந்துகொண்டு, “மிக்கின் வச்சுட்டுப் போன குருவைக் கூப்பிடவா?” என்றார். அதே நேரம் ரொகாத்துவிடமிருந்து ஆள் வந்து நின்றான். பழைய ஆயரும் காட்டில்தான் ஒளிந்திருக்கிறாராம். “தூக்கிட்டு வா, இங்க கொடுத்துடலாம்” என்று ரொகாத்து சொல்லி அனுப்பியிருந்தார்.

உன் குருவிடம் கொடுத்தால், அப்பனை ஓடவைத்தவர்களின் பிள்ளை ஆவான். காட்டுக்குக் கொண்டுபோனால், நாளைக்கு அரசன் மாறும்போது இவனையும் யாராவது ஒரு கல்லறை வாசலில் நிறுத்தி, நீ வாங்கியது குளியல் என்பார்கள். இரண்டு பக்கமும் பார்த்தேன். அதற்குள் அவன் மூச்சு நின்று நின்று வந்தது.

பானையிலிருந்து நானே தண்ணீரை மொண்டு ஊற்றினேன். பிதா, மகன், ஆவி என்று மூன்று பெயரையும் சொன்னேன். பெண் கை, அதுவும் இரண்டு முறை முங்கிய கை. உன் ஆயரும் இதை முழுக்கு என்று சொல்ல மாட்டார், காட்டிலிருக்கிற கிழவரும் சொல்ல மாட்டார். நூறு வருஷமாக ஒன்றிலும் ஒத்துப்போகாதவர்கள் என் மகன் விஷயத்தில் ஒத்துப்போய்விடுவார்கள்.

அவன் பிழைத்துக்கொண்டான், அண்ணா. இப்போது மடியில் கிடந்து பால் குடிக்கிறான். நல்ல பசி.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பாசமும் இருக்கிறது. இரண்டும் போகவில்லை, நான் என்ன செய்யட்டும்? தொண்டையைப் பார்த்துக்கொள், குளிரில் வாசிக்கும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டேன். அதை உனக்கு எழுத மாட்டேன். தெரிந்தால் நீ அவனுக்காகவும் சாட்சி சொல்லிவிடுவாய்.

தத்திவா